ஜூன் மழையும் தமிழ்நாட்டு மழைதான்

நேற்றிலிருந்து, குமரி மாவட்டத்து ஜூன் மழையைப் பற்றித் தொலைக்காட்சியில் பேசிய அந்தத் துண்டு வீடியோவைப் பார்க்காதவர்கள் யாரும் இருக்க முடியாது. அதனால் முழுதாக விவரிக்கப்போவதில்லை. "குமரியில் பெய்வது கேரளத்து மழை, நமக்கு அக்டோபரில்தான் மழைக்காலம்" என்று நெறியாளர் சிரித்தபடி சொன்னார், பக்கத்தில் இருந்தவர் தலையாட்டினார். குமரி மாவட்டத்து விளவங்கோடு தாலுகாவில் பிறந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பொறுமையாகவே சொல்கிறேன். குமரி மாவட்டத்துக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலம். ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. கன்னிப்பூ, கும்பப்பூ என்று எங்கள் வயல்களின் இரண்டு போகமும் இந்த இரண்டு மழையை நம்பித்தான். பேச்சிப்பாறை அணை 1906 முதல் இரண்டு மழையையும்தான் பிடித்து வைக்கிறது. அரசுக்கும் இது தெரியும். மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கடற்கரையான குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் தென்மேற்கு மழையை ஒட்டி ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்குள் ஏன் இரண்டு தடைக்காலம் என்று அந்த ஸ்டுடியோவில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

உடனே ஒருவர் வருவார்: "ஆரல்வாய்மொழியில் மழையா பெய்கிறது? காற்றாலைதானே சுற்றுகிறது?" நியாயமான கேள்வி. தென்மேற்குக் காற்று மலையில் மோதி மேற்கே கொட்டித் தீர்த்துவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வெறும் காற்றாகக் கிழக்கே போகிறது. முப்பந்தல் காற்றாலைகள் அதில்தான் ஓடுகின்றன. கிழக்கே தோவாளையில் குடை தேவைப்படாத நாளில் மேற்கே குலசேகரத்தில் முற்றம் நிறைந்து கிடக்கும். ஒப்புக்கொள்கிறேன். அதனால் குலசேகரம் கேரளத்துக்குப் போய்விடுமா? "மாநிலத்தின் பெரும்பகுதிக்கு வடகிழக்குதானே" என்பவர்கள் தென்மேற்கு மழையில் நனையும் வால்பாறையிலும் நீலகிரிக் கூடலூரிலும் போய் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. பட்டை நனைந்திருந்தால் பால் சிரட்டைக்கு வராமல் மரத்தோடு வழிந்துவிடும். மழை என்றால் வெட்டு இல்லை, வெட்டு இல்லை என்றால் கூலி இல்லை. பள்ளி திறப்பதும் அதே ஜூனில். நோட்டு, சீருடை எல்லாம் கடன். அம்மா கோடையிலேயே சக்கைக்குருவை, அதாவது பலாக்கொட்டையை, மண்ணில் புரட்டிச் சேர்த்து வைப்பார். அதுவும் மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கும் கருவாடுமாக அந்த மாதங்கள் கழியும். ஈரச் சீருடையை அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயவைத்து, புகை வாடையோடு வகுப்பில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். தமிழ்நாடு மழைமறைவுப் பகுதி, வடகிழக்குப் பருவக்காற்றால்தான் மழை பெறுகிறது என்று ஆசிரியர் பாடம் வாசிப்பார். ஓட்டின்மேல் விழும் மழைச் சத்தத்தில் பின்வரிசைக்கு அது கேட்காது.

சென்னையில் நான்கு தெரு நனைந்தால் நாள் முழுவதும் நேரலை. எங்கள் கடற்கரை ஊர்களான வள்ளவிளையிலும் இரையுமன்துறையிலும் ஆடிக் கடல் வீட்டுச் சுவரை இடித்துக்கொண்டு போனால் திரையின் அடியில் ஓடும் ஒரு வரி. ஏன், அது கேரளத்துக் கடலா?

"மழையைப் பற்றித்தானே சொன்னார், எதற்கு இவ்வளவு கோபம்?" என்பீர்கள். மழை மட்டும் என்றால் விட்டிருப்பேன். எங்கள் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தபோது, தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கேட்டவர்கள்மீது 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1956 நவம்பர் 1 அன்று சேர்ந்தோம். சேர்ந்த பிறகும் வேலைக்குப் போன ஊரில் எல்லாம் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நீங்கள் மலையாளியா?" 2017இல் ஒக்கி புயலின்போது கடலுக்குப் போன மீனவர்கள் திரும்பாமல், கடற்கரை மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் போய் உட்கார்ந்த பிறகுதான் பலருக்கு எங்கள் ஊர்ப் பெயர்களே தெரிந்தன. தெரிந்த வேகத்தில் மறந்தும் போயின.

கேரளத்தவர்மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பத்மநாபபுரம் அரண்மனை எங்கள் மாவட்டத்தில் இருக்கிறது, நிர்வாகம் கேரள அரசிடம். அது ஏற்பாடு, புரிந்துகொள்கிறேன். மழைக்கும் அப்படி யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் அந்தக் காகிதத்தைக் காட்டுங்கள்.

பின்னூட்டத்தில் "சேட்டா, கோபப்படாதீர்கள்" என்று எழுதுபவர்கள் எழுதலாம். நீக்கிவிடுவேன். காலையிலேயே ஒருவரை நீக்கியாயிற்று; கல்லூரியில் என்னோடு படித்தவர்.