கணக்கு வேண்டாம் என்று சொல்லிச் சேர்க்காதீர்கள்

பொருளியல் படிப்பைப் பற்றி ஒரு பெண் மேடையில் இருந்தவரிடம் கேள்வி கேட்கும் அந்த வீடியோவை இதுவரை பதினொரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். இனி யாரும் அனுப்ப வேண்டாம். மூன்று முறை பார்த்துவிட்டேன். அந்தப் பெண் எழுந்து, "சார், நான் ப்ளஸ் டூவில் கணக்கு எடுக்கலை, பி.ஏ. எகனாமிக்ஸ் படிக்கலாமா?" என்று கேட்கிறாள். மேடையில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, "தாராளமா படிம்மா, கணக்கு வராத பிள்ளைகளுக்குத்தானே அந்தப் படிப்பே இருக்கு, ரெண்டு படம் போட்டு நாலு பாயின்ட் எழுதினா பாஸ்" என்கிறார். அரங்கம் சிரிக்கிறது. அந்தப் பெண்ணும் சிரித்தபடியே உட்கார்ந்துவிடுகிறாள்.

பொருளியல் படித்த நம் ஆட்கள் பலருக்கு, பாடத்தைக் கேவலப்படுத்திவிட்டாரே என்று கோபம். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. ஒரு பதினேழு வயதுப் பெண் நம்பிக் கேட்டாள், அவளிடம் பொய் சொல்லிவிட்டார். என் கோபம் அதுதான்.

படிக்கலாமா என்றால், தாராளமாகப் படிக்கலாம். கணக்கு வேண்டாமா என்றால், கண்டிப்பாக வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சொல்ல இன்னும் பத்து விநாடி ஆகியிருக்கும்.

அப்படி என்ன பெரிய கணக்கு? சார்பு என்றால் என்ன, கோட்டின் சாய்வு, அடுக்கு, மடக்கை, வகையிடல் (ஒன்று கொஞ்சம் மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறும் என்று பார்ப்பது), பகுதி வகையிடல், பெருமம் சிறுமம், சின்னச் சின்ன அணிகள், புள்ளியியலுக்குக் கொஞ்சம் நிகழ்தகவு. இளங்கலைக்கு இது போதும். இதில் பெரும்பகுதி நம் பாடநூல் கழகத்தின் பதினொன்றாம் வகுப்பு வணிகக் கணிதப் புத்தகத்தில் தமிழிலேயே இருக்கிறது. தேவை நெகிழ்ச்சி (விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறும்), இறுதிநிலைச் செலவு (இன்னும் ஒன்று கூடுதலாகச் செய்ய ஆகும் செலவு), உள்ளீடு வெளியீடு பகுப்பாய்வு (ஒரு தொழிலின் உற்பத்தி இன்னொரு தொழிலுக்கு எவ்வளவு தேவை) எல்லாம் கணக்காகவே போட்டிருக்கிறார்கள். பதினொன்றாம் வகுப்புப் பொருளியல் புத்தகத்தில்கூட கடைசிப் பாடம் கணித முறைகள்தான். என்னிடம் வரும் பிள்ளைகளிடம் கேட்டால், "அது கடைசி லெசன் மிஸ், நடத்தலை" என்பார்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பில் கணக்கில் 41 வாங்கினேன். "உனக்குக் கணக்கு வராது" என்று சொல்லி காமர்ஸ் குரூப்பில் போட்டார்கள். அப்புறம் பி.ஏ. பொருளியல், தமிழ் வழி. கணித முறைகள் என்று ஒரு தாள் இருந்தது. நடத்தியவர் நல்ல மனிதர், எங்கள் மேல் உண்மையிலேயே பாசம் வைத்திருந்தவர். முதல் நாளே பத்துக் கணக்குகளைப் போர்டில் எழுதி, "இதை அப்படியே மனப்பாடம் பண்ணிக்கோங்கம்மா, இதிலேருந்து ஆறு வரும், மீதியை சாய்ஸில் விட்டுடுங்க" என்றார். ஆறு வந்தது. 62 மார்க் வாங்கினேன். வகையிடல் என்றால் என்ன என்று கடைசிவரை எனக்குத் தெரியாது.

எம்.ஏ. சேர்ந்த முதல் வாரம். பேராசிரியர் நுகர்வோரின் பயன்பாட்டை, அதாவது வாங்கியதில் கிடைக்கும் திருப்தியை எழுதினார், வரவுசெலவுக் கட்டுப்பாட்டை, அதாவது கையில் இருக்கும் பணத்தின் எல்லையை எழுதினார், நடுவில் லாம்டா என்று ஒரு எழுத்தைப் போட்டார். வகுப்பு தலையாட்டியது. நானும் ஆட்டினேன். அன்று இரவு விடுதி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்து அறையில் எம்.எஸ்சி. கணிதம் படித்த அக்கா வந்து, என் நோட்டை வாங்கிப் பார்த்து, "இதுக்கா அழறே? உன் கையில இன்னும் ஒரு ரூபாய் கூடுதலா இருந்தா உன் சந்தோஷம் எவ்வளவு கூடும், அதுதான்டி இந்த லாம்டா" என்றாள். பிறகு பென்சிலால் ஒரு வளைகோடு போட்டு, அதன் மேல் ஸ்கேலை வைத்து மெல்ல நகர்த்திக் காட்டினாள். சாய்வு ஒவ்வொரு இடத்திலும் மாறுவதைக் கண்ணால் பார்த்தேன். மூன்று வருஷம் யாரும் காட்டாததை அரை மணி நேரத்தில் காட்டினாள். எனக்குக் கணக்கு வராமல் இல்லை. யாரும் சொல்லித்தரவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதைத்தான் செய்கிறேன். போன மாதம் ஒரு மாணவி, அவள் அம்மா வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறார். பாக்கெட் 30 ரூபாய். அவள் சொன்ன செலவுகளை வைத்து ஒரு சார்பு, அதாவது பாக்கெட் எண்ணிக்கையைப் போட்டால் செலவைச் சொல்லும் சூத்திரம் எழுதினோம்: ஒரு நாளைக்கு நிலைச் செலவு 200, ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 10 ரூபாய், அதோடு பாக்கெட் எண்ணிக்கையின் வர்க்கத்தில் பத்தில் ஒரு பங்கு. வர்க்கம் ஏன் வந்தது? பாக்கெட் கூடக் கூட கிரைண்டர் ராத்திரியும் ஓட வேண்டும், கூலிக்கு ஆள் வைக்க வேண்டும், விற்காத மாவு புளித்துவிடும். வகையிட்டாள். வந்த இறுதிநிலைச் செலவை பாக்கெட் விலையான 30-க்குச் சமப்படுத்தினாள், லாபம் உச்சத்தில் இருப்பது அங்கேதான். 100 பாக்கெட், லாபம் 800. 120 போட்டால் என்ன ஆகும் என்று அவளாகவே போட்டுப் பார்த்தாள். 760 வந்தது. "மிஸ், எங்கம்மா 120-தான் போடுறாங்க" என்றாள். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இந்தப் பிள்ளைக்கா கணக்கு வராது?

இனி என்ன சொல்வீர்கள் என்று தெரியும். "பொருளாதாரம் சமூக அறிவியல், அதைக் கணக்காக்கிக் கெடுத்துவிட்டார்கள்" என்று ஒரு நண்பர் ஏற்கெனவே எழுதிவிட்டார். பொருளியல் மேதை ஆல்ஃபிரட் மார்ஷலையும் துணைக்கு அழைத்திருக்கிறார். 1906-இல் புள்ளியியலாளர் பௌலிக்கு எழுதிய கடிதத்தில் கணிதத்தை எரித்துவிடு என்று மார்ஷல் சொன்னது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் சொன்னதை ஏன் விட்டுவிட்டீர்கள்? கணிதத்தைச் சுருக்கெழுத்தாகப் பயன்படுத்து, முடியும்வரை வைத்துக்கொள், பிறகு ஆங்கிலத்தில் பெயர்த்து எழுது, வாழ்க்கையிலிருந்து உதாரணம் கொடு, அதற்குப் பிறகு எரி என்றார். சொன்னவர் 1865-இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் இரண்டாம் இடம் பிடித்தவர். அவர் கையில் இருந்தது, எரித்தார். என் பிள்ளைகளின் கையில் எரிக்க என்ன இருக்கிறது?

"டெல்லி பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஆனர்ஸ் சேர பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கு கட்டாயம், இங்கேயும் அப்படி வைத்துவிடலாமே" என்று இன்னொருவர். வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். இங்கே அரசுக் கலைக் கல்லூரியின் கதவு திறந்திருப்பதால்தான் நான் உள்ளே வந்தேன். கதவைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே வந்த பிள்ளைக்குப் பாயைக்கூட விரிக்காமல் விடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

சொல்லித்தர ஆள் எங்கே, கௌரவ விரிவுரையாளருக்கு என்ன சம்பளம் தருகிறார்கள் என்று கேட்பவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை, அது நியாயமான கேள்வி. யூடியூபில் எல்லாம் இருக்கிறது என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"கிராமத்துப் பிள்ளைகள் பாவம், பயப்படுத்தாதீர்கள் மேடம்" என்ற கமென்ட்தான் என்னை இரவெல்லாம் தூங்கவிடவில்லை. இந்தப் பாவம் பார்க்கிறவர்களை எனக்கு இருபது வருஷமாகத் தெரியும். பாவம் பார்த்துக் கணக்கை நீக்குவீர்கள். பாவம் பார்த்து ஆங்கிலப் புத்தகத்தை நீக்குவீர்கள். பெண்பிள்ளை என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பாவம் பார்ப்பீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கு டியூஷன் வைப்பீர்கள், அங்கே பாவம் பார்க்க மாட்டீர்கள். கடைசியில் எம்.ஏ. நுழைவுத்தேர்வு வினாத்தாளைப் பார்த்து, இது நமக்கில்லை என்று எங்கள் பிள்ளைகளே ஒதுங்கிப் போவார்கள். யாரும் அவர்களைத் தடுத்ததாகவே தெரியாது.

காப்-டக்ளஸ் உற்பத்திச் சார்பை, அதாவது இவ்வளவு உழைப்பும் மூலதனமும் போட்டால் எவ்வளவு உற்பத்தி வரும் என்று சொல்லும் சூத்திரத்தை எல்லாப் பிள்ளைகளும் பரீட்சையில் எழுதுகிறார்கள். டக்ளஸ் பொருளியலாளர். உழைப்பும் மூலதனமும் உற்பத்தியும் நகரும் விதத்தை வரைந்து வைத்துக்கொண்டு, இதற்கு ஒரு சூத்திரம் வேண்டுமே என்று சார்லஸ் காப் என்ற கணித ஆசிரியரிடம் போய்க் கேட்டார். 1928-இல் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. டக்ளஸ் பின்னாளில் அமெரிக்க செனட்டராகவும் ஆனார். கணக்குக்கு உதவி கேட்டதில் அவருக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. அந்தப் பெண்ணும் அன்று உதவிதான் கேட்டாள். அவளுக்குக் கிடைத்தது ஒரு அரங்கத்தின் சிரிப்பு.

அந்த நிகழ்ச்சிக்குப் போனவர்கள் இதைப் படிப்பவர்களில் சிலர் இருக்கிறீர்கள். அவளை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், எகனாமிக்ஸ் எடுக்கட்டும். கல்லூரி திறப்பதற்குள் அந்தப் பதினொன்றாம் வகுப்பு வணிகக் கணிதப் புத்தகத்தை வாங்கிவைக்கட்டும். சனிக்கிழமை பத்து மணிக்கு வகுப்பு. சாய்விலிருந்து ஆரம்பிப்போம், ஸ்கேல் நான் கொண்டுவருகிறேன்.