ஐந்து நிமிஷ ஸ்டாப்பிங்

(சூளகிரிப் பக்கம் ஒரு கிராமம். திண்ணையில் ஒரு பெரியவர். தனியார் பஸ்ஸில் 31 வருஷம் கண்டக்டராக இருந்தவர். வீடு தேடி மருந்து தரும் அரசுத் திட்டமான 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலர் மாலா பையோடு வருகிறாள். 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டத்தைத் தொடங்கிவைத்த சாமனப்பள்ளி பக்கத்தில்தான் என்பதால் இந்த ஊர்க்காரர்களுக்கு அதில் தனிப் பெருமை. மாத்திரையை மட்டும் விழுங்க மாட்டார்கள்.)

மாலா: கையை நீட்டுங்கள் பெரியப்பா. பிரஷர் பார்க்கணும்.

கண்டக்டர்: நீட்டிய கையில் சில்லறை வைத்துத்தான் எனக்குப் பழக்கம்.

மாலா: இன்றைக்குப் பட்டைதான். பேசாமல் இருங்கள்.

கண்டக்டர்: நான் எங்கே பேசினேன்? பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது, தெரியுமா? சம்பளம்கூட...

(கருவி 'பீப்' என்கிறது.)

மாலா: 168-க்கு 100.

கண்டக்டர்: ஐயையோ!

மாலா: இது செல்லாது, எழுத மாட்டேன். பேச்சு நிற்கவில்லை, கால் மேல் கால், டீ டம்ளர் இன்னும் சூடாக இருக்கிறது. ஒன்றுக்கு வேறு அடக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

கண்டக்டர்: அது எப்படித் தெரியும்?

மாலா: காலை ஆட்டுகிறீர்களே. போய்விட்டு வாருங்கள், அடக்கினாலும் ஏறும். டீ குடித்து அரைமணி ஆகட்டும். அதுவரை மாத்திரைக் கணக்கைப் பார்க்கிறேன்.

(போய் வருகிறார். மாலா அட்டையை எண்ணி முடித்திருக்கிறாள்.)

மாலா: 30 கொடுத்தேன். இன்று 28-ஆம் நாள். 2 இருக்கணும், 17 இருக்கிறது.

கண்டக்டர்: செக்கிங் இன்ஸ்பெக்டர்கூட இவ்வளவு கறாராக எண்ண மாட்டார். தலை சுற்றுகிற அன்றைக்குப் போடுகிறேன். நன்றாக இருக்கிற நாளில் எதற்கு வீணாக்கணும்?

மாலா: டிக்கெட் எடுக்காதவன் பஸ்ஸில் சத்தம் போடுவானா?

கண்டக்டர்: அவன்தான் ஜன்னலோரம் சாதுவாக உட்கார்ந்திருப்பான்.

மாலா: பிரஷரும் அப்படித்தான். ஒன்றும் தெரியாது. உள்ளே இதயம், கிட்னி, மூளை எல்லாவற்றிலும் கைவைத்துக்கொண்டிருக்கும்.

கண்டக்டர்: (கொஞ்ச நேரம் யோசித்து) சரி. அப்புறம், பையன் ஓசூருக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுத்தான். இந்தா ரிப்போர்ட். எனக்குக் கொழுப்பு அதிகமாம். உன் பெரியம்மா ஊசி இல்லாமலே இதை 40 வருஷமாகச் சொல்கிறாள்.

மாலா: மொத்தக் கொலஸ்ட்ரால் 244. 200-க்குள் இருந்தால் நல்லது. கெட்ட கொழுப்பு எல்டிஎல் 168, அதைக் குறைக்கணும். நல்ல கொழுப்பு எச்டிஎல் 34, ஆம்பிளைக்கு 40-க்கு மேல் இருக்கணும்.

கண்டக்டர்: ஒன்றைக் குறை என்கிறாய், இன்னொன்றைக் கூட்டு என்கிறாய். இரண்டும் கொழுப்புதானே?

மாலா: உங்கள் பாஷையிலேயே சொல்கிறேன். கல்லீரல்தான் டிப்போ. எல்டிஎல் அங்கிருந்து கிளம்பும் வண்டி. ஆளை ஏற்றிப் போய் வழியெல்லாம் இறக்கும். அளவுக்கு மேல் வண்டி விட்டால் இறங்கிய கூட்டம் ரத்தக்குழாய்ச் சுவரிலேயே கூடாரம் போட்டுவிடும்.

கண்டக்டர்: எச்டிஎல்?

மாலா: ரிட்டர்ன் ட்ரிப். வழியில் கிடப்பதை ஏற்றிக்கொண்டு டிப்போவுக்குத் திரும்புவது.

கண்டக்டர்: ஓ! ரிட்டர்ன் வண்டி குறைந்துபோச்சு என்கிறாய். இதை அந்த டாக்டர் இங்கிலீஷில் சொன்னார், நான் பயந்தே போனேன். ஆனால் எனக்கு எப்படி வந்தது? கடலை எண்ணெய் பாக்கெட்டில் கொலஸ்ட்ரால் இல்லை என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அந்தத் தைரியத்தில்தான் உன் பெரியம்மாவை இரண்டு கரண்டி கூட ஊற்றச் சொன்னேன்.

மாலா: கடலையில் என்றைக்குக் கொலஸ்ட்ரால் இருந்தது? செடியில் விளைவதில் அது இல்லை என்றே சொல்லலாம். முட்டை, கறி, பால் என்று உயிர்களிடமிருந்து வருவதில்தான் இருக்கும். இந்தக் குடையில் முதலை இல்லை என்று எழுதி விற்பதுபோல விற்கிறார்கள்.

கண்டக்டர்: அப்போ தேங்காய் எண்ணெய்?

மாலா: அதிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. ஆனால் அதில் இருக்கிற கொழுப்பு எல்டிஎல்லை ஏற்றிவிடும். அது இருக்கட்டும், அந்தப் பரணில் என்ன ஜாடி?

கண்டக்டர்: எந்த ஜாடி?

மாலா: துணி கட்டி வைத்திருக்கிறதே.

கண்டக்டர்: அது... மாங்காய். கிருஷ்ணகிரி ஜில்லாவில் பிறந்துவிட்டு மாங்காய் ஊறுகாய் தின்னாமல் இருந்தால் ஊரில் சேர்த்துக்கொள்வார்களா?

மாலா: நாளெல்லாம் சேர்த்தே உப்பு 5 கிராமுக்குள் இருக்கணும். ஒரு டீஸ்பூன். நீங்கள் களிக்குத் தொட்டுக்கொள்கிற துண்டிலேயே பாதி போய்விடும்.

கண்டக்டர்: துண்டைச் சின்னதாக நறுக்கச் சொல்கிறேன்.

மாலா: எத்தனை துண்டு?

கண்டக்டர்: (காதில் விழாதவர்போல்) அரைமணி ஆகிவிட்டதா?

மாலா: ஆச்சு. சுவரில் சாயுங்கள், இரண்டு காலும் தரையில், கை நெஞ்சு உயரத்தில். ஐந்து நிமிஷம் மூச்சு விடலாம், பேச்சு விடக் கூடாது.

(மேளம் கேட்டும் ஆட முடியாத கால்போல வாய் துடிக்கிறது. பெரியவர் சட்டைப் பையிலிருந்து பழைய விசிலை எடுத்து வாயில் வைத்து அடைத்துக்கொள்கிறார். ஒரு நிமிஷம். இரண்டு. தெருவில் ஆடு போகிறது, பேசவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் வண்டியில் போகிறான், சம்பளத்தைக் கேட்கவில்லை. ஐந்து நிமிஷம் முடிகிறது. மாலா பொத்தானை அழுத்துகிறாள், பட்டை இறுகுகிறது. உள்ளேயிருந்து பெரியம்மா இடுப்பில் குடத்தோடு படியில் இறங்குகிறாள்.)

கண்டக்டர்: பீப்! பீப்!

(கருவி 'எரர்' காட்டுகிறது.)

மாலா: பெரியப்பா!

கண்டக்டர்: நான் பேசவில்லையே! ஆள் இறங்கியாச்சு, இரண்டு விசில் கொடுத்தேன். பழக்கம்.

மாலா: (பட்டையை அவிழ்த்து மறுபடி கட்டியபடி) விசிலை இங்கே கொடுங்கள்.