பழைய அரங்கத்தைப் புதுப்பிப்பதென்றால் கூரையில் தொடங்குங்கள்

சென்னைக்குக் கலாசார வளாகம் ஒன்று வேண்டும் என்று அடிக்கடி பேச்சு எழுகிறது. அதற்குப் புது இடம் தேட வேண்டியதில்லை. எழும்பூர் பாந்தியன் சாலையில் 16 ஏக்கருக்கு மேல் பரந்த ஒரே வளாகத்தில் அருங்காட்சியகமும் அதன் வெண்கலச் சிலைக் கூடமும் இருக்கின்றன. ஹென்றி இர்வின் வடிவமைத்து 1896-இல் எழுந்த மியூசியம் தியேட்டர் அங்கேதான் இருக்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் திறந்த கன்னிமாரா நூலகமும், 1909-இல் திறந்த தேசியக் கலைக்கூடமும் பக்கத்திலேயே. அந்தக் கலைக்கூடத்தை 2002-இல் பாதுகாப்பில்லை என்று மூடினார்கள். பல ஆண்டுகள் அது பூட்டியே கிடந்தது. சென்ட்ரல் பக்கம் போனால் ரிப்பன் மாளிகையை ஒட்டி விக்டோரியா பப்ளிக் ஹால். ராபர்ட் சிஸம் வடிவமைத்து, நம்பெருமாள் செட்டியார் கட்டியது. 1897-இல் விவேகானந்தர் பேசியதும், பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்டதும் அங்கேதான்.

ஆக, கட்டடம் இருக்கிறது, வரலாறும் இருக்கிறது. என் கவலை, பணம் ஒதுக்கியதும் அது முதலில் எங்கே போகிறது என்பதில். அரசு அரங்கமோ தனியார் சபாவோ, புதுப்பிப்பு மதிப்பீடு ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் வருகிறது. முகப்புக்குப் பெயிண்ட், இரவில் கலர் விளக்கு, நுழைவாயிலில் கிரானைட், உள்ளே குஷன் நாற்காலி, ஏசி, ஃபால்ஸ் சீலிங். திறப்பு விழாப் படத்தில் எல்லாம் பளிச்சென்று இருக்கும். இரண்டாவது மழைக்காலத்தில் சீலிங் பலகையில் பழுப்பு வட்டம் விழும். பார்வையாளர் கண்ணில் படாத வேலைகளை முதலில் முடிக்க வேண்டும், பணத்தில் பெரும்பங்கு அங்கே போக வேண்டும் என்பதுதான் என் வாதம்.

முதலில் கூரை. அந்தக் காலத்துக் கட்டடங்களில் நடுக்கூடத்துக்கு மரத்தாலோ இரும்பாலோ ஆன ட்ரஸ், அதாவது கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டம், இருக்கும். பக்க அறைகளுக்கும் தாழ்வாரங்களுக்கும் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்களின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில் மூலைவாட்டமாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, கடைசியாகத் தட்டோடு பதிப்பார்கள். நூறு வருஷம் தாங்கும் அமைப்பு அது. அதைக் கெடுப்பது பெரும்பாலும் பழுதுபார்ப்பவர்கள்தான். ஒழுகுகிறது என்றதும் பழையதை எடுக்காமலே மேலே ஐந்து செ.மீ. சிமெண்ட் கான்கிரீட் போடுகிறார்கள். சதுர மீட்டருக்கு 120 கிலோ. நூறு சதுர மீட்டர் கூரை என்றால் 12 டன், அதே பழைய உத்தரங்களின் தலையில். அடுத்த முறை ஒழுகும்போது இன்னொரு அடுக்கு. அதோடு ஏசியின் வெளி யூனிட்டுகளையும் தண்ணீர்த் தொட்டியையும் கொண்டுபோய் அங்கேயே வைப்பார்கள்.

உத்தரம் நடுவில் அரிதாகத்தான் போகும். சுவருக்குள் செருகியிருக்கும் முனைதான் முதலில் அழுகும், ஏனென்றால் அங்கே காற்று கிடையாது, ஈரம் மட்டும் உண்டு. கீழே நின்று பார்த்தால் உத்தரம் நன்றாகவே தெரியும். சுத்தியலால் சுவரோரம் தட்டிக்கொண்டே வந்தால் அழுகிய முனை பொத்தென்று சத்தம் தரும், நல்ல மரம் கணீரென்று தரும். சந்தேகப்பட்ட இடத்தில் மெல்லிய துரப்பணம் போட்டுத் தூளைப் பாருங்கள். தூள் கறுத்து ஈரமாக வந்தால் முனை போய்விட்டது. அதற்காக முழு உத்தரத்தையும் மாற்ற வேண்டியதில்லை. அழுகிய பகுதியை வெட்டிவிட்டு, இரண்டு பக்கமும் இரும்புத் தகடு வைத்து போல்ட் முடுக்கி, முனையைச் சுற்றிக் காற்றோட இடம் விட்டுச் சுவரில் உட்கார வைக்கலாம். கூரையில் மழைநீர் இறங்கும் வாய்கள் எத்தனை, அவற்றில் எத்தனை அடைபட்டிருக்கின்றன என்று முதல் நாளே எண்ணி எழுதுங்கள். ஒரு அரசமரக் கன்று குழாய் வாயில் வேர் விட்டால் போதும், நாலைந்து வருஷத்தில் சுவரையே பிளக்கும். மேலே தெரிவதை மட்டும் வெட்டினால் மறுபடி தழைக்கும். வேரோடு எடுத்து, அந்த இடத்தைச் சுண்ணாம்புக் கலவையால் அடைக்க வேண்டும்.

அடுத்தது சுவர். பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக அதை வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே உப்பாகப் பூத்துச் செங்கல்லின் முகத்தைப் பெயர்க்கும். எமல்ஷன் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக உரிவதும் இதனால்தான், பெயிண்ட் கம்பெனியைக் குறை சொல்லிப் பயனில்லை. சிமெண்ட் பூச்சைக் கையுளியால்தான் எடுக்க வேண்டும். பிரேக்கர் மெஷின் வைத்தால் செங்கல்லும் கூடவே வந்துவிடும். எடுத்த பிறகு சுவரைக் காய விட வேண்டும். ஒரு பக்கமிருந்து மாதத்துக்கு ஓர் அங்குலம் என்பது கட்டட வேலைக்காரர்களின் கணக்கு. 18 அங்குலச் சுவர் இரு பக்கமும் திறந்திருந்தாலும் ஒன்பது மாதம் ஆகும். எந்த டெண்டரிலாவது இந்த ஒன்பது மாதத்துக்கு இடமிருக்கிறதா? பில் போட வேண்டுமே என்று ஈரச் சுவரிலேயே பூசி முடிக்கிறார்கள்.

சுண்ணாம்பு வேலை என்றால் நீற்றிய சுண்ணாம்பைக் குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் ஒரு மாதம், தண்ணீரில் ஊற விட்டுச் சலித்து எடுக்க வேண்டும். கடுக்காயும் வெல்லமும் தனியே பத்துப் பதினைந்து நாள் ஊறிப் புளிக்க வேண்டும். கலவையில் ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு அல்லது மூன்று பங்கு மணல். ஒரு பூச்சு 12 மி.மீ. தாண்டக் கூடாது. பூசிய சுவரை ஒரு வாரமாவது வெயில் படாமல் ஈரச் சாக்கு போட்டுக் காக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பொதுப்பணித் துறையில் பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. ஒவ்வொரு வேலையிலும் பத்து இளம் கொத்தனார்களைப் பழக்கிவிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்த்தால் அடுத்த கட்டடத்துக்கு ஆள் கிடைக்கும்.

இப்போது உள்ளே வருவோம். இங்கேதான் நல்லெண்ணத்தோடு செய்யும் கேடு அதிகம். மைக் இல்லாத காலத்தில் கட்டிய அரங்கங்கள் இவை. மனிதக் குரல் கடைசி வரிசை வரை போக வேண்டும் என்பதற்காகவே அவற்றின் உயரமும் வளைவும் அப்படி அமைந்தன. 600 பேர் அமரும், 3,600 கன மீட்டர் கொள்ளளவுள்ள கூடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நிறைந்த சபையின் மனிதர்களே ஏறத்தாழ 270 அலகு ஒலியை உறிஞ்சுவார்கள். சுவர், கூரை, திரை எல்லாம் சேர்ந்து 210 என்று வைப்போம். எதிரொலிப்பு நேரம், அதாவது எழுந்த ஒலி அடங்க ஆகும் நேரம், 1.2 விநாடி வரும். கர்நாடக இசைக்கு அருமையான அளவு, பேச்சும் கலங்காது. இதே கூடத்தில் தரை முழுக்கக் கார்ப்பெட் விரித்தால் உறிஞ்சல் இன்னொரு நூறு கூடி, நேரம் ஒரு விநாடிக்கு இறங்கும். மேலே இரண்டு மீட்டர் தாழ்த்தி ஃபால்ஸ் சீலிங் போட்டால் ஆயிரம் கன மீட்டர் போய், 0.7-இல் வந்து நிற்கும். சினிமா தியேட்டருக்கு அது சரி. வீணை கேட்க முடியாது. குரல் செத்துப்போனதால் பெரிய ஸ்பீக்கர் வரும், பிறகு எல்லாக் கச்சேரியும் ஸ்பீக்கர் கச்சேரிதான். அதே சீலிங் மேலே ஒழுகும் கூரையையும் மறைத்துவிடும்.

குஷன் நாற்காலி கூடாது என்று சொல்லவில்லை. காலியாக இருக்கும்போதும் ஆள் உட்கார்ந்த அளவுக்கே உறிஞ்சும் நாற்காலியைத் தேர்ந்தெடுத்தால், பாதி நிறைந்த சபையிலும் ஒலி மாறாது. வாங்குவதற்கு முன் மாதிரி நாற்காலிகளை ஒலி ஆய்வுக் கூடத்தில் சோதித்து எண் வாங்குங்கள். ஏசியும் அப்படியே. தம்புராவின் சுருதி கேட்க வேண்டுமென்றால் காற்று வாயில் வேகம் விநாடிக்கு இரண்டு மீட்டரைத் தாண்டக் கூடாது. அதற்குக் குழாய் அகலமாக வேண்டும், அகலக் குழாய்க்கு இடம் வேண்டும். அந்த இடத்தை ஆரம்ப வரைபடத்திலேயே ஒதுக்காவிட்டால் கடைசியில் சுவரெல்லாம் ஸ்பிளிட் ஏசி தொங்கும்.

சிட்னி ஓபரா ஹவுஸின் கச்சேரி மண்டபத்தை 2020 முதல் 2022 வரை மூடி, 15 கோடி ஆஸ்திரேலிய டாலர் செலவிட்டுத் திருத்தினார்கள். மேடையை 40 செ.மீ. இறக்கினார்கள். மேடைக்கு மேலே ஒலியைத் திருப்பிவிடும் 18 இதழ்களைத் தொங்கவிட்டார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது. சிங்கப்பூரில் விக்டோரியா தியேட்டரை 2014-இல் மறுபடி திறந்தபோது 904 இருக்கைகள் 614 ஆகியிருந்தன. பார்வையும் ஒலியும் கால் நீட்ட இடமும் சரியாக அமைய இருக்கைகளை விட்டுக்கொடுத்தார்கள். நம் ஊரில் இருக்கையைக் குறைக்கிறோம் என்று எந்த அதிகாரியும் கோப்பில் எழுதத் துணிவதில்லை. துணிய வேண்டும்.

மேடைத் தரை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது உடம்பைப் பாதிக்கிறது. கான்கிரீட் மேல் டைல்ஸோ கிரானைட்டோ, அல்லது கான்கிரீட்டில் நேரே ஒட்டிய ப்ளைவுட்டோ இருக்கும் மேடையில் பரதநாட்டியக் கலைஞர் ஒன்றரை மணி நேரம் வெறுங்காலோடு தட்டி ஆடுகிறார். குதிகாலும் முழங்காலும் அதற்கு விலை கொடுக்கின்றன. கான்கிரீட் மேல் ரப்பர் பட்டை, அதன்மேல் 40 செ.மீ. இடைவெளியில் மரச்சட்டம், குறுக்கே இன்னொரு வரிசைச் சட்டம், 18 மி.மீ. ப்ளைவுட், மேலே பலகை என்று அடுக்க வேண்டும். சென்னை ஈரப்பதத்தில் மரம் உப்பும் என்பதால் நான்கு ஓரமும் ஒரு செ.மீ. இடைவெளி, அடியில் காற்றோட ஓட்டைகள். மெருகு ஏற்றினால் கால் வழுக்கும்.

ஒப்பனை அறையையும் கலைஞர்களைக் கேட்காமலேயே வரைகிறார்கள். தெருக்கூத்துக் கலைஞர்கள் தரையில் உட்கார்ந்து, சின்னக் கண்ணாடியைக் கையில் வைத்து, மணிக்கணக்கில் அரிதாரம் பூசி, கிரீடமும் புஜக்கட்டையும் கட்டுவார்கள். அவர்களுக்கு வரிசை மேசையும் சுழல் நாற்காலியும் இடைஞ்சல். விரிந்த தரை, தாழ்வாக ப்ளக் பாயிண்ட், முகம் கழுவப் பெரிய தொட்டி, நல்ல வடிகால் இவைதான் வேண்டும். மேடைக்குப் பின்னால் ஒரு டாட்டா 407 லாரி வந்து நிற்க முடிகிறதா, செட் இறக்க மூன்று மீட்டர் உயரக் கதவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு நாடகக் குழுவும் பார்வையாளர் வாசல் வழியாகத்தான் சாமான் தூக்கும், நீங்கள் போட்ட புதுக் கதவுகள் ஒரே வருஷத்தில் பெயரும்.

மின்சாரத்தைச் சுருக்கமாக முடிக்கிறேன். விளக்குக் கேபிளும் ஒலிக் கேபிளும் ஒரே குழாயில் போகக் கூடாது, போனால் ஸ்பீக்கரில் ரீங்காரம் நிற்காது. ஒரு கிலோவாட் விளக்கு 60 இருக்கும் இடத்தில் 200 வாட் எல்.இ.டி. வைத்தால் 60 கிலோவாட் 12 ஆகும், மேடையின் சூடும் குறையும். முன்பக்க விளக்குகளின் ஒளி 45 டிகிரிக் கோணத்தில் மேடையில் விழும்படி ஒரு கம்பி அமைத்துவிடுங்கள். பால்கனிக் கைப்பிடியில் கட்டித் தொங்கவிடும் பழக்கம் ஆபத்து.

கழிப்பறைக் கணக்கை எந்த வரைபடமும் ஒழுங்காகப் போடுவதில்லை. 600 இருக்கையில் 300 பெண்கள், இடைவேளையில் நூறு பேர் வருவார்கள். ஆளுக்கு இரண்டரை நிமிடம். 15 நிமிட இடைவேளையில் ஓர் அறைக்கு ஆறு பேர். நான்கு அறை கட்டியிருந்தால் 24 பேர் போக முடியும், மற்ற 76 பேர் வரிசையில் நிற்கும்போதே மணி அடித்துவிடும். 16, 17 அறை வேண்டும். அல்லது இடைவேளையை 25 நிமிடமாக்கிப் பத்து அறை. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் ஓர் அடி உயர 12 அடி நீள வேண்டும். வாசல் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் உள்ள கட்டடத்தில் 36 அடி, நடுவில் நின்று இளைப்பாறத் தட்டும் உண்டு. முகப்பு கெட்டுவிடும் என்று பின்வாசலில் கொண்டுபோய் வைப்பது அவமரியாதை. பக்கவாட்டில் வளைத்து, எல்லோரும் நுழையும் அதே வாசலுக்குக் கொண்டுவர முடியும்.

இவ்வளவும் செய்து முடித்தாலும் இயக்க ஆள் இல்லாவிட்டால் அரங்கம் கூட்ட மண்டபமாகிவிடும். நிரந்தரமாக ஒரு மேடை மேலாளர், ஒரு ஒலிக்காரர், ஒரு விளக்குக்காரர், இரண்டு ஷிப்டுக்கு மின்பணியாளர், இத்தனை பேராவது வேண்டும். துப்புரவு ஒப்பந்தம் மட்டும் போட்டு வாட்ச்மேனிடம் சாவியைக் கொடுத்தால் ஒலி மிக்ஸர் ஆறு மாதம் தாங்காது. புதுப்பித்த செலவில் ஆண்டுக்கு இரண்டு சதவீதமாவது பராமரிப்புக்கென்று தனிக் கணக்கில் போக வேண்டும், 30 கோடிக்கு 60 லட்சம். வாடகையிலும் பாகுபாடு வேண்டும். மாநாட்டுக்கு முழுக் கட்டணம், நாடகத்துக்குக் குறைவு, ஒத்திகை நாளுக்கு அதிலும் கால்வாசி. மேடையில் ஒத்திகை பார்க்காமல் போடும் நாடகம் எப்படி இருக்கும் என்று குழுக்களைக் கேளுங்கள்.

எழும்பூர் வளாகத்தில் இன்னொரு சிக்கல், நேரம். அருங்காட்சியகம் மாலை ஐந்து மணிக்கு மூடும். நாடகம் ஆறரை, ஏழு மணிக்குத்தான். நடுவில் வளாகமே இருண்டு கிடக்கிறது. வாரத்தில் இரண்டு நாளாவது வெண்கலக் கூடத்தை எட்டு மணி வரை திறந்து வைத்து, நாடக டிக்கெட்டிலேயே அதற்கும் அனுமதி கொடுக்கலாம். உள்ளே டீயும் சுண்டலும் கிடைத்தால் ஜனம் சீக்கிரமே வரும். கட்டடத்துக்குக் கட்டடம் தொடர்ச்சியான நடைபாதையும், முகத்தில் அடிக்காத தாழ்வான விளக்கும், எழும்பூர் மெட்ரோவிலிருந்து உடையாத நடைமேடையும் வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு முகப்பு விளக்குக்கு ஆவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

ஒரு நடைமுறை விஷயம். கூரை வேலை ஜனவரியில் ஆரம்பித்து ஜூனுக்குள் முடிய வேண்டும், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். அதற்கு ஆய்வு அறிக்கை ஜூலையிலும் டெண்டர் செப்டம்பரிலும் வெளிவர வேண்டும். மார்ச் மாத நிதியாண்டுக் கடைசியில் அவசரமாக ஆணை போட்டு, ஆகஸ்டில் பழைய கூரையைப் பிரித்து, தார்ப்பாய் போட்டு மூடினால், அந்த ஒரே மழைக்காலம் உத்தர முனைகளை எல்லாம் தின்றுவிடும். இந்த ஆண்டு அரங்கச் சீரமைப்புக்கு மதிப்பீடு தயாரிக்கும் பொறியாளர்கள் முதல் பக்கத்திலேயே இந்தக் கால அட்டவணையைப் போடுங்கள். பெயிண்ட் கலரைக் கடைசிப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம்.