கட்டாவியில் அந்த டிரைவர் செய்தது சரிதான்

கட்டாவிப் பூங்காவுக்குச் சுற்றுலா போய்வந்தவர்கள் போட்ட பதிவைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நீர்யானைக் குட்டைப் பக்கம் வண்டியை இறக்க மாட்டேன் என்றதற்காக டிரைவருக்கு டிப்ஸை நிறுத்தினார்களாம். அதற்கு இத்தனை பாராட்டு! டிரைவர் செய்தது சரி.

தான்சானியாவின் மேற்குக் கோடியில் இருக்கிறது கட்டாவி தேசியப் பூங்கா. செப்டம்பர், அக்டோபரில் அங்கே கட்டுமா ஆறு சேற்றுக் குட்டைகளாகச் சுருங்கிவிடும். ஒரே குட்டையில் நூற்றுக்கணக்கான நீர்யானைகள் ஒட்டிக் கிடக்கும். அவற்றின் மேல்தோல் மெல்லியது, வெயிலில் சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். பகலெல்லாம் அந்தச் சேறுதான் அவற்றுக்குக் காப்பு. பக்கத்துப் புல் தீர்ந்துபோவதால் ராத்திரி மேய்ச்சலுக்கு வெகுதூரம் நடந்து இளைத்திருக்கும். வண்டி நெருங்கினால் கூட்டம் ஒரே பக்கமாக நெருக்கும், குட்டிகள் மிதிபடும். வாயை அகலத் திறந்து காட்டுவது கொட்டாவி இல்லை, மிரட்டல். கரையோ கரிசல் மண். மேலே காய்ந்து தெரியும், உள்ளே சேறு. ஃபோர் வீல் டிரைவ் வண்டியும் அச்சுவரை புதையும். புதைந்தால் யார் இறங்கித் தள்ளுவது?

காசு கொடுத்தவருக்கு உரிமை இல்லையா என்பீர்கள். பார்க்க உரிமை உண்டு. பாதையை விட்டு வண்டியை இறக்கச் சொல்ல இல்லை.

ஈக்கடிக்கும் டிரைவரையே குற்றம் சொல்கிறார்கள். பதிவில் போட்ட படத்தில் பாதிப்பேர் கருநீலச் சட்டை! அங்கே கடிப்பது ரத்தம் குடிக்கும் செட்சி ஈ. அதைப் பிடிக்கும் பொறியையே நீலமும் கறுப்புமான துணியில்தான் செய்கிறார்கள். ஓடுகிற வண்டியையும் அது துரத்தும். மெல்லிய துணிக்கு மேலேயே கடிக்கும், பூச்சி விரட்டும் களிம்புக்கு அவ்வளவாக அடங்காது. காக்கியில் தடித்த முழுக்கைச் சட்டை போடுங்கள். அந்த ஈ மொய்க்கும் மியோம்போ என்ற மரக்காட்டைக் கடக்கும்வரை கண்ணாடியை ஏற்றி வையுங்கள். அவர் ஏற்றச் சொன்னது அதற்குத்தான், புழுக்கத்தில் வாட்டுவதற்கு அல்ல. ஊர் திரும்பி சில வாரங்களுக்குள் காய்ச்சலோ கடித்த இடத்தில் புண்ணோ வந்தால், எங்கே போனீர்கள் என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஈ பரப்பும் தூக்க நோயாக இருக்கலாம்.

'கூட்டமே இல்லாத இடம், ஒரு வண்டி இறங்கினால் என்ன கெட்டுவிடும்?' என்றும் ஒருவர் கேட்டிருந்தார். 4,471 சதுர கிலோமீட்டர் பூங்காதான். ஆனால் மழையில்லாத அந்த மாதங்களில் தண்ணீர் நிற்பது அதில் சில இடங்களில் மட்டும். ஆற்றின் மேற்பகுதியில் நெல் வயல்களுக்குக் கட்டுமாவின் தண்ணீரைத் திருப்புவதால் ஆறு முன்னைவிடச் சீக்கிரம் வற்றுகிறது. உழவர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் வயிறு இருக்கிறது. மிஞ்சிய சேற்றையும் ஒரு போட்டோவுக்காகக் கலக்குவதைத்தான் தாங்க முடியவில்லை.

நெருக்கமான படம்தான் வேண்டுமென்றால் 400 மில்லிமீட்டர் லென்ஸும், சன்னலில் வைத்து லென்ஸைத் தாங்க பீன்பேக் என்ற சின்னப் பையும் போதும். பையை வெறுமையாகக் கொண்டுபோய் அங்கே அரிசியோ பயறோ போட்டு நிரப்புங்கள். ஏனென்றால் அங்கே போகும் சின்ன விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோ சாமான்தான் கொண்டுபோகலாம், அதுவும் மடங்குகிற துணிப்பையில். பாதையில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு எடுங்கள்.