தெரிந்தவர்களுக்குத்தானே என்று நினைக்காதீர்கள்

சிங்கப்பூரில் வீட்டிலேயே காசு வாங்கி உடம்புப்பிடி (மசாஜ்) செய்பவர்களைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில், "தெரிந்தவர்களுக்கு மட்டும்தானே செய்கிறேன், உரிமம் எதற்கு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். படித்ததும் மனம் பதறிவிட்டது.

எங்கள் புளோக்கில் ஓர் அக்கா இப்படித்தான் செய்துகொண்டிருந்தார். கைராசிக்காரர். நல்லெண்ணெயைச் சூடு பண்ணி, தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்தவர் முதுகைத் தொடுவார். ஒருநாள் வந்த ஆள் பணம் தராமல் கிளம்பினான். கேட்டதற்கு, "போலிஸைக் கூப்பிடவா?" என்றான். நியாயம் தன் பக்கம் இருந்தும், உரிமம் இல்லாததால் அக்காவால் வாயைத் திறக்க முடியவில்லை.

முன்பெல்லாம் அபராதம் 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைதான். 2018 மார்ச்சில் புதிய சட்டம் வந்த பிறகு நிலைமையே வேறு. வீட்டிலேயே ஆனாலும், உரிமம் இல்லாமல் உடம்புப்பிடி நிலையம் நடத்தினால் முதல் தடவையே 10,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 20,000 வெள்ளி, 5 ஆண்டு வரை போகும். இடம் கொடுத்தவரும், போலிஸ் தெரிவித்த பிறகு கண்டுகொள்ளாமல் இருந்தால், வழக்கைச் சந்திக்க வேண்டியிருக்கும்.

வொர்க் பெர்மிட்டில் இருக்கும் சகோதரிகளே, ஞாயிற்றுக்கிழமை கைச்செலவுக்கு என்று தயவுசெய்து இதில் இறங்காதீர்கள். அனுமதி இல்லாத வேலை என்று அது தனி வழக்காகிவிடும், ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வாங்கி வந்த கடன் அப்படியே நிற்கும்.

அந்த அக்கா இப்போது உரிமம் உள்ள ஒரு நிலையத்தில் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்.