விண்ணப்பத்தைப் பிரிப்பதற்கு முன்பே அளவுகோலை எழுதிவிடுங்கள்

பதவி உயர்வுக் கூட்டத்தில் ஒரு பெண்ணைப் பற்றி, "வேலையில கெட்டிக்காரங்கதான், ஆனா மேனேஜர் ஆகுற அளவுக்கு இன்னும் வரல" என்று யாராவது சொன்னால் உடனே கேளுங்கள்: அந்த அளவு எங்கே எழுதியிருக்கிறது? பெரும்பாலும் எங்கும் எழுதியிருக்காது. சிக்கலின் வேர் அதுதான் என்பேன்.

வர்ஜீனியா ஷைன் என்ற அமெரிக்க உளவியலாளர் 92 குணங்களைப் பட்டியலிட்டு, ஆண் மேனேஜர்களில் சிலரிடம் பொதுவாக ஆண்களையும், சிலரிடம் பெண்களையும், மற்றவர்களிடம் வெற்றிகரமான மேனேஜரையும் அதைக் கொண்டு வர்ணிக்கச் சொன்னார். வெற்றிகரமான மேனேஜரைப் பற்றிய வர்ணனை ஆண்களைப் பற்றிய வர்ணனையோடுதான் அதிகம் ஒத்துப்போனது. அது 1973. பெண் மேனேஜர்களிடம் கேட்டு 1975இல் வெளியிட்டதிலும் அதே முடிவு. 1989இல் வந்த மறு ஆய்வில் பெண்களின் பார்வை மாறியிருந்தது, ஆண்களுடையது மாறவில்லை.

சரி, பெண்ணும் ஆணைப் போலவே கறாராக நடந்துகொண்டால்? ஆன் ஹாப்கின்ஸ் வழக்கைப் பாருங்கள். பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற அமெரிக்கக் கணக்குத் தணிக்கை நிறுவனத்துக்குப் பெரிய ஒப்பந்தங்களைப் பிடித்துக் கொடுத்தவர். ஆனால் பங்குதாரர் பதவி தள்ளிப்போனது. பெண்மையோடு நடக்க, பேச, உடுத்த வேண்டும், மேக்கப் போட வேண்டும், நகை அணிய வேண்டும் என்று அவருக்கு அறிவுரை வேறு! அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989இல் இத்தகைய வார்ப்புப் பார்வையும் பாலினப் பாகுபாடுதான் என்றது. மென்மையாக இருந்தால் தலைமைக்குப் போதாது, உறுதியாக இருந்தால் பெண்ணுக்கு ஆகாது. இந்தப் பொறியிலிருந்து தப்பும் பொறுப்பையும் அந்தப் பெண்ணின் தலையிலேயே கட்டுவது அநியாயம்.

மாற வேண்டியது தேர்வு முறை. 2005இல் ஊல்மன், கோஹன் இருவரும் வெளியிட்ட ஆய்வில், காவல்துறைத் தலைவர் பதவிக்கு ஆண் விண்ணப்பதாரரிடம் படிப்பு இருந்தால் படிப்பே முக்கியம் என்றார்கள் ஆய்வில் பங்கேற்றவர்கள்; அவரிடம் படிப்பு இல்லாதபோது அதன் எடை குறைந்தது. அளவுகோலை முன்கூட்டியே முடிவு செய்யச் சொன்னதும் அந்தப் பாகுபாடு மறைந்தது.

ஆகவே விண்ணப்பங்களைப் பிரிப்பதற்கு முன்பே நான்கைந்து அளவுகோல்கள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை மதிப்பெண், கூட்டினால் 100 என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். "தலைமைப் பண்பு" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். "குழுவுக்குள் வந்த தகராறைத் தீர்த்த விதம்" என்று எழுதினால் கேள்வி கேட்டு மதிப்பெண் போட முடியும். நேர்காணல் முடிந்ததும், பேச்சைத் தொடங்கும் முன்பே ஒவ்வொருவரும் தனித்தனியாக மதிப்பெண்ணை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பெரும்பாலான இடங்களில் கோட்டைவிடுவது இங்கேதான்: மூத்தவர் முதலில் வாய்திறக்கிறார், மற்றவர்களின் பேனா அவர் பக்கம் சாய்கிறது. நடுவில் யாராவது புது அளவுகோலை நுழைத்தால் எல்லோரையும் அதில் மறுபடி மதிப்பிடுங்கள், முடியாதென்றால் அதை விட்டுவிடுங்கள்.

ஆண்டு மதிப்பீட்டிலும் "ரொம்ப எமோஷனல்", "அதட்டிப் பேசுறாங்க" என்று வந்தால் எந்தக் கூட்டம், என்ன சொன்னார், வேலை எப்படிப் பாதித்தது என மூன்றையும் எழுதச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள். எழுத முடியாவிட்டால் அந்த வரி நீங்கட்டும்.

கூட்டக் குறிப்பு எடுப்பது, விழா ஏற்பாடு போன்ற வேலைகளுக்கு "யார் செய்றீங்க?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் பெண்களின் கைதான் அதிகம் உயரும். அந்த வேலைக்குப் பதவி உயர்வில் மதிப்பெண்ணும் கிடையாது. முறைப்பட்டியல் போட்டு, மேனேஜர் பெயரையும் அதில் சேர்த்து, மாதாமாதம் சுற்றில் விடுங்கள்.