முதலில் அந்த ஆரஞ்சை வெளியே எடு

தம்பி: ஏன் அக்கா, ஆப்பிரிக்காவில் நைரோபியிலிருந்து கேப் டவுனுக்கு விமானமே இருக்கும்போது 8 நாடு, 8 வாரம், அதுவும் லாரியில் எதற்கு?

அக்கா: லாரி இல்லைடா. லாரி சேசிஸ் மேல் இருபது பேர் உட்காருகிற மாதிரி சீட் போட்டு, பக்கவாட்டில் அடுப்பு, பாத்திரம், கூடாரம் எல்லாவற்றையும் அடுக்கி வைத்த வண்டி.

தம்பி: கூடாரத்தை யார் அடிப்பார்கள்?

அக்கா: அவரவர் கூடாரம் அவரவர் பொறுப்பு. மொட்டை மாடியில் போட்டுப் பழகிவிட்டேன். கொடிக்கயிறு எங்கே என்று உன் மாமா இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

தம்பி: தான்சானியாவில் செரெங்கெட்டி வனவிலங்குப் பூங்காவுக்குள் கூடாரம் போடுகிற இடத்தில் வேலியே கிடையாதாமே! ராத்திரி ஒன்றுக்கு வந்தால்?

அக்கா: ஜிப்பைக் கொஞ்சமாகத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இருட்டில் கண் மின்னினால் ஜிப்பை மூடிவிட்டு அடக்கிக்கொண்டு படுக்க வேண்டியதுதான்.

தம்பி: எவ்வளவு நேரம்?

அக்கா: அது கண்ணின் சொந்தக்காரரைப் பொறுத்தது.

தம்பி: உனக்குச் சிரிப்பாக இருக்கிறது. சரி, இந்தா, ஆப்பிரிக்கா வெயிலுக்கு ஆறு காட்டன் புடவை.

அக்கா: ஜூலையில் அங்கே தெற்கே போகப்போகக் குளிர்காலம்டா. ங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில் ஒரு ராத்திரி தங்குகிறோம், அதுவே கிட்டத்தட்ட ஊட்டி உயரம், அப்புறம் நமீபியா பாலைவனத்தில் பொழுது சாய்ந்தால் பல் கிட்டிக்கொள்ளும். ஸ்வெட்டர் இருந்தால் கொடு.

தம்பி: பழமாவது வாங்கிக்கொள். ஆரஞ்சு.

அக்கா: ஐயோ, அதை முதலில் வெளியே எடு! ஜிம்பாப்வேயில் மானா பூல்ஸ் காட்டுக்குள் ஆரஞ்சு, எலுமிச்சை எதையும் கொண்டுபோகக் கூடாது. அந்த வாசனைக்கு யானை வண்டியையே பிரித்துவிடுமாம்.

தம்பி: நீ அந்தக் காட்டுக்குப் போகிறாயா?

அக்கா: இல்லை. ஆனால் மற்ற காட்டு யானைக்கு மட்டும் மூக்கு இல்லையா?

தம்பி: ஊறுகாய்? கசியாமல் இருக்க நாலு பிளாஸ்டிக் பை போட்டுச் சுற்றியிருக்கிறேன்.

அக்கா: நல்லா சுற்றினாய்! கென்யாவில் 2017-லேயே பிளாஸ்டிக் பையைத் தடை செய்துவிட்டார்கள், 40 லட்சம் ஷில்லிங் வரை அபராதம், 4 வருஷம் வரை ஜெயில். தான்சானியாவிலும் 2019-லிருந்து தடைதான். சிங்கத்திடம் தப்பித்துவிட்டு உன் ஊறுகாயால் நான் உள்ளே போகவா?

தம்பி: அப்படி என்னதான் இருக்கிறது அங்கே?

அக்கா: விக்டோரியா அருவி, ஒகவாங்கோ சதுப்பு நிலத்தில் மொகோரோ என்கிற ஒல்லி ஓடம், எல்லாம் இருக்கிறது. ஆனால் நான் நாள் எண்ணிக்கொண்டிருப்பது நமீபியாவின் எட்டோஷா வனவிலங்குப் பூங்காவுக்கு. ஒக்காகுவேயோ என்கிற இடத்தில் ஒரு நீர்க்குட்டை, ராத்திரி முழுக்க அதற்கு விளக்கு போட்டிருப்பார்கள், இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்தால் காண்டாமிருகம் பாட்டுக்கு வரும், தண்ணீர் குடிக்கும், போகும். நடுவில் யாரும் ரிமோட்டைப் பிடுங்கிச் செய்தி வைக்க மாட்டார்கள்.

தம்பி: புரிகிறது. சாப்பாடு?

அக்கா: அதுதான் விசேஷமே! ஆளாளுக்கு முறை வைத்துச் சமையல். பாத்திரம் துடைக்கத் துணிகூடக் கிடையாது, எல்லோரும் வட்டமாக நின்று தட்டைக் காற்றில் விசிறிக் காயவைக்க வேண்டும், பார்ப்பதற்குப் பைத்தியக்காரக் கூட்டம் மாதிரிதான் இருக்கும். ஆனால் என் முறை நாலைந்து நாளுக்கு ஒருதடவைதான் வரும். கல்யாணம் ஆனதிலிருந்து இந்த வீட்டில் வேறு யாருக்காவது முறை வந்து பார்த்திருக்கிறாயா?

தம்பி: அது சரி... 8 வாரம் மாமா எங்கே சாப்பிடுவார்?

அக்கா: உன் வீட்டில்தான். விடிகாலை 5 மணிக்கு டிகாக்‌ஷன் இறங்கியிருக்க வேண்டும். முதல் நாள் ரசத்தைச் சுட வைத்து ஊற்றினால் வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவார். ராத்திரி சப்பாத்தி, அதுவும் கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு.

தம்பி: அக்கா, அந்த வண்டியில் இன்னொரு சீட் இருக்குமா?

அக்கா: யாருக்கு, உனக்கா, அவருக்கா?

தம்பி: யாருக்காவது!